விருந்தும் ஏழையின் ஆட்டுக்குட்டியும்

இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசரிடம் சொன்ன உவமையை நாம் அனைவரும் அறிவோம். ஓர் ஊரில் செல்வன் ஒருவன் இருந்தான். ஏழை ஒருவனும் இருந்தான். செல்வனிடம் ஆடுமாடுகள் ஏராளம். ஏழையிடம் இருந்ததோ ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அதை அவன் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்து வந்தான். செல்வன் அந்தக் குட்டியைப் பறித்துக்கொண்டான். சாமுவேல் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் இக்கதையைத் தவக்கால மறையுரைகளில் எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கின்றேன். தாவீதின் பாவத்தையும் மனமாற்றத்தையும் விளக்க இதைவிடப் பொருத்தமான பகுதி வேறில்லை. ஆனால் செல்வன் எதற்காக அக்குட்டியைப் பறித்தான் என்பதை நெடுங்காலம் நான் கவனித்ததில்லை. அவனுக்குப் பசி இல்லை. குட்டியின்மேல் ஆசையும் இல்லை. அவன் வீட்டுக்கு வழிப்போக்கன் ஒருவன் விருந்தாக வந்திருந்தான். வந்தவனுக்குச் சமைத்துப் போட வேண்டும். தன் மந்தையில் கைவைக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த விருந்தினன் உண்டான், போனான். தான் உண்டது யாருடைய குட்டி என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. போகும் ஊர்களில் எல்லாம் அச்செல்வனின் விருந்தோம்பலை அவன் வாயார வாழ்த்தியிருக்கவும் கூடும்.

இவ்வுவமை அண்மையில் மீண்டும் என் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு விளையாட்டுச் செய்தி. 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோ நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டுப் பேரவை, 2030ஆம் ஆண்டுப் போட்டிகளை நடத்தும் உரிமையை அகமதாபாத்துக்கு வழங்கியது. 2036ஆம் ஆண்டு ஒலிம்பிக்கையும் இந்தியாவில் நடத்த விரும்புவதாக நமது ஒலிம்பிக் சங்கம் 2024 அக்டோபரிலேயே கடிதம் கொடுத்திருக்கின்றது. கிளாஸ்கோ செய்தி வந்த அதே வாரத்தில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக்கோப்பை ஹாக்கிப் போட்டி தொடங்கிற்று. ஹாக்கிக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டி நம் மாவட்டத்து ஊர் அன்றோ! கால்பந்தையே உயிராகக் கருதும் எங்கள் தருவைகுளத்துப் பையன்களுக்குங்கூட அது சொந்த வீட்டு விசேடம் போலாயிற்று. ஒரு மாலை கோயில் திண்ணையில் கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுள் ஒருவன் என்னிடம் கேட்டான்: “சாமி, ஒலிம்பிக்கே நம்ம நாட்டுக்கு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்?”

நன்றாகத்தான் இருக்கும் என்றேன். மனமறிந்தே சொன்னேன். அன்று இரவு செபமாலை முடித்துப் படுத்த பிறகுதான் அந்த ஏழையின் ஆட்டுக்குட்டி வந்து மனத்துக்குள் நின்றது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகின்றேன். விளையாட்டை வீண் என்று கருதும் துறவிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். புனித பவுல் தம் திருமுகங்களில் ஓட்டப் பந்தயத்தையும் வாடிப்போகும் வெற்றி வாகையையும் பேசுகின்றார். அதிலும் கொரிந்தியருக்கு எழுதும்போது பேசுகின்றார். கொரிந்து நகரத்தார்தாம் ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகளை நடத்திக் கிரேக்க உலகத்தையே வரவேற்றவர்கள். அந்நகரில் பவுல் கூடாரம் செய்யும் தொழிலில் உழைத்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகின்றது. போட்டிக்குத் திரண்ட கூட்டத்துக்கு அவர் கையால் தைத்த கூடாரமும் நிழல் தந்திருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. பெரும் விழாவைப் பந்தலின் உள்ளே அமர்ந்து பார்ப்பவன் ஒருவன். பந்தலைத் தைத்தவன் மற்றொருவன். பவுல் இரண்டாமவர்.

விருந்தோம்பல் நம் மண்ணின் அறம். வள்ளுவர் அதற்கு இல்லறவியலில் ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் அரசோ ஒரு நாடோ விருந்து செய்வதைப்பற்றி அவர் அங்கே பேசவில்லை. தன் வீட்டுச் சோற்றைப் பகிர்ந்து, மீந்ததைத் தான் உண்ணும் இல்லறத்தானைப்பற்றிப் பேசினார். விருந்தின் உயர்வு இலையில் விழும் கறிவகைகளின் எண்ணிக்கையில் இல்லை. அது யாருடைய பானையிலிருந்து வருகின்றது என்பதில் இருக்கின்றது. ஒரு நாடு உலகத்தையே விருந்துக்கு அழைக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். பானை யாருடையது?

நல்ல விருந்துகளையும் நாம் செய்திருக்கின்றோம். 2022ஆம் ஆண்டு உருசியாவில் நடக்கவேண்டியிருந்த சதுரங்க ஒலிம்பியாட், உக்ரைன் போரின் காரணமாக அங்கிருந்து எடுக்கப்பட்டு நமக்குத் தரப்பட்டது. ஏறத்தாழ நான்கே மாதங்களில் ஏற்பாடுகள் முடிந்தன. சூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 186 நாடுகளின் ஆட்டக்காரர்கள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் கூடினார்கள். வேட்டி கட்டிய ‘தம்பி’ என்னும் குதிரை ஊர்தோறும் சுவரில் ஏறியது. அங்கே முதல் பலகையில் தங்கம் வென்ற குகேஷ் என்னும் பதினாறு வயதுப் பையன், 2024 டிசம்பரில் உலக வாகையராகவே ஆனான். இவற்றை எல்லாம் வீண்செலவு என்று தள்ளிவிட என்னால் இயலாது. எங்கள் பங்கிலேயே அந்த ஆண்டு சதுரங்கப் பலகை வாங்கித் தரச்சொல்லி வந்த சிறுமிகள் உண்டு.

ஆனால் அதே பூஞ்சேரிக்கு மற்றொரு விருந்துக் கதையும் உண்டு. ஒலிம்பியாடுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 2021 அக்டோபரில், அவ்வூரில் வாழும் நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர், மாமல்லபுரத்துக் கோயில் ஒன்றின் அன்னதானப் பந்தியில் தம்மை உட்காரவிடாமல் விரட்டினார்கள் என்று கண்ணீரும் சினமுமாகப் பேசிய ஒளிப்படம் நாடெங்கும் பரவியது. அறநிலையத்துறை அமைச்சர் நேரில் சென்று அதே பந்தியில் அப்பெண்ணுக்குப் பக்கத்தில் அமர்ந்து உண்டார். அடுத்து, அவ்வாண்டுத் தீபாவளி நாளில் முதலமைச்சர் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாக்களை வழங்கினார். அரசியல் இதில் இல்லாமல் இருக்குமா என்று கேட்பார் கேட்கட்டும். என்னைக் கேட்டால், அவ்வூரில் நடந்த இரண்டு விருந்துகளுள் பெரியது முந்தியதே. உலகத்தை வரவேற்பதற்கு முன்னால் சொந்த ஊரானைப் பந்தியில் உட்காரவைத்துவிட்ட வரிசை முறை, யாரும் திட்டமிடாமலே, சரியாக அமைந்துபோயிற்று.

எல்லா இடத்திலும் வரிசை அவ்வாறு அமைவதில்லை.

1982ஆம் ஆண்டு எனக்கு வயது பன்னிரண்டு. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை நடைபெற்றன. அப்பு என்னும் யானைக்குட்டியின் படத்தை நோட்டுப் புத்தக அட்டையில் வரைந்து வைத்திருந்தேன். பி.டி. உஷா இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கியதும், ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் ஒன்றுக்கு ஏழு என்று நாம் தோற்றதும் இன்றும் நினைவில் நிற்கின்றன. தோல்வியன்று அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. நாட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்ததும், தில்லியில் மேம்பாலங்களும் அரங்கங்களும் எழுந்ததும் அந்தப் போட்டியின் பேரில்தான். எழுப்பியவர்கள் யார் என்ற எண்ணம் எனக்கு வந்ததில்லை. குருமடத்தில் திருச்சபையின் சமூகப் போதனை பயின்ற ஆண்டுகளில் எங்கள் பேராசிரியர் ஒருவர் ஒரு தீர்ப்பின் படியைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதுதான் அவர்களை முதன்முதலாகச் சந்தித்தேன்.

அத்தீர்ப்பு, மக்கள் சனநாயக உரிமைச் சங்கம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1982 செப்டம்பர் 18 அன்று வழங்கியது. போட்டி தொடங்க இரண்டு மாதமே இருந்த நேரம். நீதிபதிகள் பகவதியும் பகருல் இஸ்லாமும். ஒரிசாவிலிருந்தும் வடமாநிலக் கிராமங்களிலிருந்தும் கங்காணிகள் ஆள் திரட்டி வந்திருந்தார்கள். சட்டப்படி அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் அதைக் கங்காணியிடம் கொடுப்பார். கங்காணி தன் தரகாக ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைத் தொழிலாளியின் கையில் வைப்பான். பெண்களுக்கோ ஏழு ரூபாய்தான். இச்செய்தியைக் கள ஆய்வு செய்த மூவரின் அறிக்கையோடு அச்சங்கத்தார் நீதிபதிக்கு ஒரு கடிதமாக அனுப்பினார்கள். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. கட்டுமானத் தளங்களைச் சென்று பார்த்து அறிக்கை தர மூவரை நியமித்தது.

ஒரு ரூபாய்! நம்மில் பலர் அன்று உண்டியலில் தயக்கமின்றிப் போட்டிருக்கக்கூடிய காசு. ஆயினும் அந்த ஒரு ரூபாயைப்பற்றி நீதிமன்றம் எழுதியது சாதாரணமானது அன்று. அரசியற்சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கின்றது. கட்டாயம் என்றால் என்ன? சாட்டையும் சங்கிலியும் மட்டுமா? அல்ல என்றது நீதிமன்றம். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவன் தன் உழைப்பை விற்கின்றான் என்றால், அவன் விரும்பி விற்கவில்லை. பசி அவனைப் பிடரியைப் பிடித்துத் தள்ளுகின்றது. பசியின் கட்டாயமும் கட்டாயமே. ஆகவே அக்கூலிக்கு வேலை வாங்குவது அரசியற்சட்டம் தடுத்த கட்டாய உழைப்பே ஆகும் என்பது தீர்ப்பின் சாரம்.

இதைப் படித்தபோது திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடல் என் நினைவுக்கு வந்தது. வறுமையினாலோ, இதைவிடக் கேடு வந்துவிடுமோ என்ற அச்சத்தினாலோ ஒரு தொழிலாளி குறைந்த கூலிக்கு இசைந்தால், அந்த இசைவு இசைவாகாது. அவன் வன்முறைக்கு உள்ளானவன் என்ற கருத்தை அன்றே அவர் எழுதினார். உரோமையில் ஒரு முதிய குரு எழுதியதும், தொண்ணூற்றொரு ஆண்டு கழித்துத் தில்லியில் இரண்டு நீதிபதிகள் எழுதியதும் ஒன்றாகவே வந்து பொருந்துகின்றன. அறம் எங்கே தேடினாலும் ஒரே முகத்தோடுதான் அகப்படும் போலும்.

இப்போது அந்த ஒரு ரூபாயை உவமையோடு சேர்த்துப் பாருங்கள். 33 நாட்டு விருந்தினர் வந்தார்கள். விருந்து கொடுத்தவர் என்ற புகழ் அரசுக்குச் சென்றது, நாட்டுக்கும் சென்றது, பன்னிரண்டு வயதில் எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. ஆனால் நாள்தோறும் ஒரு ரூபாய் குறையக் குறைய, குறைந்தது யாருடைய இலையில்? உண்மையில் விருந்து கொடுத்தவர் அந்த ஒரிசாக்காரப் பெண் அல்லவா? கொடுக்கின்றாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கொடுத்தாய் என்று யாரும் நன்றி சொல்லவுமில்லை. பொருளைப் பறித்ததோடு, கொடுத்தவள் என்ற பெயரையும் சேர்த்துப் பறித்துக்கொண்டோம். நாத்தானின் உவமையில் ஏழையின் இழப்பு ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் அன்று. தானே மனமுவந்து அதை விருந்தாக்கியிருந்தால் அவன் பெற்றிருக்கக்கூடிய மேன்மையும் களவுபோயிற்று.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2010 அக்டோபரில், அதே தில்லி காமன்வெல்த் போட்டிகளை நடத்தியது. அதில் நடந்த ஊழல்களைப்பற்றி நாளிதழ்கள் நிறையவே எழுதிவிட்டன. நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஊழலே நடக்காமல் இருந்திருந்தாலும் என் கேள்வி அப்படியே நிற்கும். பட்டியல் சாதி மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட சிறப்புக்கூறு நிதியிலிருந்து ஏறத்தாழ 700 கோடி ரூபாய் அப்போட்டிகளின் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. தகவல் அறியும் சட்டத்தின்வழி இது வெளிவந்தது. 2010 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் அரசு இதை ஒப்புக்கொண்டது. ஆட்டுக்குட்டி உவமையை யாரேனும் திட்டமிட்டு நடித்துக்காட்ட முயன்றால்கூட இவ்வளவு துல்லியமாகச் செய்திருக்க முடியுமா?

மேலும் ஒன்று. தில்லி சங்புரா பகுதியில், பாராபுல்லா வாய்க்கால் கரையில், முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்க் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்ந்து வந்தன. பெரும்பாலோர் தலித்துகள்; பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். நேரு விளையாட்டரங்கம் பக்கத்தில். போட்டிக்கு வருவோரின் வண்டிகளை நிறுத்த இடம் தேவைப்பட்டது. 2010 ஏப்ரல் மாத வெயிலில் அக்குடிசைகள் இடிக்கப்பட்டன. வெளிநாட்டார் கண்ணில் சேரிகள் படாதபடி சாலையோரங்களில் மூங்கில் தட்டிகள் நிறுத்தப்பட்டன. பிச்சைக்காரர்களைப் பிடிக்க நடமாடும் நீதிமன்றங்கள் சுற்றின. அதே வாய்க்காலை ஒட்டி எஞ்சியிருந்த மதராசி முகாம் என்னும் தமிழர் குடியிருப்பும் 2025 சூன் முதல் நாளில் இடிக்கப்பட்டது. அதற்குக் காரணம் விளையாட்டு அன்று, வாய்க்கால் தூர்வாருதல். இடிபட்டவனுக்கு வேறுபாடு தெரிந்திருக்குமா என்பது என் ஐயம்.

மூங்கில் தட்டியைப்பற்றிச் சற்று நிறுத்தி எண்ண வேண்டும். வீட்டுக்கு விருந்தினர் வரும்போது கிழிந்த பாயைச் சுருட்டி மூலையில் வைப்பது மனித இயல்பு. அதில் குற்றம் காண மாட்டேன். ஆனால் வீட்டில் இருக்கும் மனிதரையே சுருட்டி மூலையில் வைத்தால் அதற்கு என்ன பெயர்? 1936இல் பெர்லினில் ஒலிம்பிக் நடந்த நாள்களில், யூதருக்கு எதிரான அறிவிப்புப் பலகைகளைத் தெருக்களிலிருந்து கழற்றிவைத்தார்கள். நாடோடிகளான ரோமா மக்களை நகருக்கு வெளியே ஒரு முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். விருந்தினருக்குப் பலகை தெரியவில்லை, மக்களும் தெரியவில்லை. நகரம் மிக அழகாக இருந்தது என்று எண்ணித் திரும்பியவர் பலர். தில்லியைப் பெர்லினோடு ஒப்பிடுகின்றேன் என்று எவரும் கருத வேண்டாம். மறைத்தல் என்பது எங்கே தொடங்கி எங்கே போய் முடியக்கூடும் என்பதையே சொல்கின்றேன்.

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. நான் எழுதுவதை அச்சுக்கு அனுப்புமுன் படித்துக் காட்டினால் மறுத்துப் பேசுவதற்கென்றே வருபவர். அவர் சொன்னார்: “சாமி, சிலர் விட்டுக்கொடுக்காமல் உலகத்தில் எது நடந்திருக்கின்றது? தூத்துக்குடித் துறைமுகம் வந்தபோது யாருமே எதையுமே இழக்கவில்லையா? அந்தத் துறைமுகத்தால் இன்றைக்கு எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது! நாட்டின் பெருமை என்று வந்தால் கொஞ்சம் பொறுத்துத்தான் போகணும்.”

அவர் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பொதுநலனுக்காகத் தனிமனிதர் இழப்பைத் தாங்கும் கடமை உண்டு என்பதைத் திருச்சபையும் மறுக்கவில்லை. ஆனால் பொதுநலன் என்பது பெரும்பான்மையின் மொத்த மகிழ்ச்சியைக் கூட்டிக் காணும் தொகை அன்று. குழுக்களும் ஒவ்வொரு தனிமனிதரும் தம் நிறைவை அடையத் துணைசெய்யும் சூழலே பொதுநலன் என்ற பொருளில்தான் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பேசிற்று. கடைசி ஆளை விட்டுவிட்டுக் கணக்கை முடிக்கலாம் என்பது கயபாவின் கணக்கு. மக்கள் அனைவருக்காகவும் ஒருவன் அழிவது நல்லது என்ற அந்தத் தலைமைக் குருவின் வாக்கை இறைவன் மீட்பின் வாக்காக மாற்றினார் என்பது உண்மையே. அதற்காகக் கயபா நேர்மையானவர் ஆகிவிடவில்லை.

துறைமுகத்துக்கும் விளையாட்டு விழாவுக்கும் மற்றொரு வேறுபாடும் உண்டு. துறைமுகமோ அணையோ தேவையால் பிறப்பவை. அவற்றை அநீதியாகக் கட்டினாலும், அநீதி ஒருபுறம் இருக்க, அணை தண்ணீரைத் தேக்கும். துறைமுகத்தில் கப்பல் அணையும். விருந்து அப்படியன்று. விருந்து வைக்காவிட்டால் யாரும் சாகப்போவதில்லை. 1972இல் அமெரிக்காவின் கொலராடோ மாநில மக்கள், டென்வர் நகருக்குக் கிடைத்திருந்த குளிர்கால ஒலிம்பிக்கை வேண்டாம் என்று வாக்களித்துத் திருப்பி அனுப்பினார்கள். டென்வர் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. மான்ட்ரியல் நகரமோ 1976இல் ஒலிம்பிக்கை நடத்தி, அதன் கடனை முப்பது ஆண்டு கட்டித் தீர்த்தது. விழா நாளில் பிறந்திராத பிள்ளைகளும் அதில் பங்கு செலுத்தினார்கள். தேவையில்லாத ஒன்றைச் செய்வதில் தவறு இல்லை. அன்பு செய்வதில் பெரும்பகுதி தேவையில்லாததுதான். ஆனால் தேவையற்ற ஒன்றின் மதிப்பு முழுவதும் அதன் தாராளத்தில் இருக்கின்றது. பறித்த ஆட்டில் சமைத்த விருந்து, மோசமான விருந்துகூட அன்று. அது விருந்தே அன்று. தலைமையாசிரியர் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டார் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் ஏழைகள் விருந்து வைக்கக்கூடாதா? வைக்கலாம். விவிலியத்தில் மிகச் சிறந்த விருந்துகளுள் ஒன்றை வைத்தவள் சாரிபாத்து ஊர்க் கைம்பெண். பானையில் ஒரு கையளவு மாவு; கலயத்தில் சிறிது எண்ணெய். அதைத் தானும் மகனும் உண்டு சாவதற்காக விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். எலியா கேட்டார். கேட்டார் என்பதைக் கவனியுங்கள். நகர வாயிலுக்குத் தாமே வந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அவள் தன் நிலையைச் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டார், பிறகு அவள் கொடுத்தாள். அவர் அரண்மனை ஆள்களை அனுப்பி மாவை எடுத்துவரச் செய்திருந்தால் அப்பம் என்னவோ அதே அப்பமாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் கடலோரத்துக்கும் பெருந்திரள் விழா ஒன்று உண்டு, இல்லை, இருந்தது. அதுதான் முத்துக்குளிப்புச் சலாபம். ஆங்கிலேயர் காலத்தில் சலாபம் கூடினால் கரையில் ஒரு நகரமே ஓலையால் எழும்பும். எங்கிருந்தெல்லாமோ வணிகர் வந்து குவிவர். அன்றாடம் எடுத்த சிப்பியைக் கரையில் மூன்று குவியலாகப் பிரித்து, ஒன்றை மூழ்கியவர் பக்கத்துக்கு விடுவார்கள், இரண்டு அரசுக்கு. மூன்றில் ஒன்று நியாயமா என்று இன்று கேட்கலாம். எனக்கே அது நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால் பங்கு முன்னாலேயே தெரியும், கண்ணெதிரே குவியும். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டுச் சலாபத்துக்குப் பிறகு பெரிய சலாபம் எதுவும் கூடவில்லை. இன்று எங்கள் பிள்ளைகள் சூரை மீனுக்காகப் பல நாள் கடலில் தங்குகின்றார்கள். கடல் வேண்டாம் என்றவர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போய்க் கட்டடம் கட்டுகின்றார்கள். 2022இல் கத்தாரில் உலகக்கோப்பைக் கால்பந்து நடந்தபோது, மெஸ்ஸி கோப்பையைத் தூக்கிய காட்சியைக் கோயில் முற்றத்தில் திரைகட்டிப் பார்த்தோம். கடற்கரையே ஆர்ப்பரித்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருவர் மட்டும், அரங்கத்தின் கூரையைக் காட்டி, அங்கே வெயிலில் நின்று வேலை பார்த்ததைத் தம் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் வருத்தமும் இருந்தது, பெருமையும் இருந்தது. எது கூடுதல் என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னைப்பற்றி எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடற்கரைப் பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அங்குத் திருவிழாவோடு சேர்த்துச் சுற்றுவட்டாரப் பங்குகள் அனைத்துக்குமாக ஒரு கால்பந்துப் போட்டி நடத்தினோம். பெரிய விருந்தினர் வருவதாக இருந்தார்கள். கோயிலுக்கும் கடலுக்கும் இடையே இருந்த மணல்வெளிதான் ஆடுகளம். அங்கே பெண்கள் சிலர் கருவாடு காயப்போடுவது வழக்கம். கொடியேற்றம் முதல் பத்து நாளைக்கு இடத்தை ஒழித்துத் தரவேண்டும் என்று உபதேசியாரிடம் சொல்லி அனுப்பினேன். நானாகப் போய்க் கேட்கவில்லை. நாற்றமடிக்கும் என்று பந்தற்குழுவில் யாரோ சொன்னபோது சிரித்தவர்களுள் நானும் ஒருவன். பெண்கள் மறுபேச்சின்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல வெயில் காய்ந்த பத்து நாள்கள் அவை. கருவாடு காயப்போடுபவர்களுக்குப் பத்து நாள் வெயில் என்றால் என்ன என்பது கடற்கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

போட்டி சிறப்பாக முடிந்தது. அசனத்தில் எத்தனை மூட்டை அரிசி வெந்தது என்று ஊரே பேசியது. மறுநாள் காலையில் ஒரு மூதாட்டி கூடையோடு மணல்வெளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு நின்று கேட்டார்: “சாமி, வந்தவங்க எல்லாம் நல்லாச் சாப்பிட்டாங்களா?”

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தவரைப்பற்றி வீட்டுக்காரி கேட்கும் அக்கறை மட்டுமே இருந்தது. நல்லாச் சாப்பிட்டாங்க அம்மா என்று சொல்லிவிட்டுத் திருப்பலிக்கு நேரமாயிற்று என்று உள்ளே வந்துவிட்டேன். ஈடு ஏதும் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்று தோன்றியபோது எனக்கு மாறுதல் வந்திருந்தது. அதன்பின் அவரும் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் இதை எந்தக் கட்டளைக்குக் கீழ்ச் சொல்வது என்று தெரியாமலே சில ஆண்டுகள் சொல்லாமல் இருந்தேன். களவு என்று சொன்னபோதுதான் மனம் சற்று அடங்கியது.

தருவைகுளத்தில் இந்த ஆண்டு இளைஞர்கள் போட்டி நடத்த இடம் கேட்டு வந்தபோது, அங்கே யார் இருக்கின்றார்கள் என்று கேட்டேன். வலை பழுதுபார்க்கும் பெரியவர்கள் சிலர் என்றார்கள். அவர்களைப் போய்க் கேளுங்கள்; என் பெயரைச் சொல்லாமல் கேளுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்களாம். சாயந்தர ஆட்டம் என்றால் பந்து பொறுக்கிப் போடவும் ஆயத்தமாம். ஒரு பெரியவர் மட்டும் முடியாது என்றுவிட்டார். வலை பெரிது, படகு அடுத்த வாரம் போகவேண்டும், நகர்த்தினால் வேலை கெடும் என்றாராம். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சாமி” என்றான் அணித்தலைவன்.

நான் சொல்லவில்லை. ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. தென்கிழக்கு மூலையில் கோடு சற்று உள்வாங்கிப் போகின்றது. அங்கிருந்து கார்னர் உதைக்கிறவன் பெரியவரின் வலைக்கும் கொடிக்கம்புக்கும் நடுவே ஒரு காலை ஊன்றி நின்று உதைக்கவேண்டியிருக்கின்றது. வெளியூர் அணிகள் முணுமுணுக்கின்றன. பெரியவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை, கோல் விழுந்தால் தவிர.